முட்டையைத் திருப்பி வைக்காதே

வாடிப்பட்டி
10.12.2023

தம்பி அழகுபாண்டிக்கு, அக்கா பாண்டீஸ்வரி எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் கோழிகளும் சுகம். நீ சுகமா இல்லையா என்பதை நீயாகச் சொல்ல மாட்டாய். ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

சென்னையில் கப்பல் ஏறும்போது போனில் பேசியதுதான் கடைசி. "அங்கிட்டு டவர் கிடையாதுக்கா. லெட்டர் போடு, சாமான் வர்ற படகுல வந்துரும்" என்றாய். அதோடு சரி. இந்தக் காலத்தில் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். தபால் ஆபீஸில் இன்லேண்டு லெட்டர் கேட்டால் அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

நீ அந்தமானுக்கு ஆமை முட்டை காக்கப் போயிருக்கிறாய் என்று தெரு முழுக்கப் பேச்சு. எதிர்வீட்டு ராமக்காள் வந்து, "ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று ஆரம்பித்தாள். நான் விடுவேனா? "ஆமை வீட்டுக்குள்ள வந்தாத்தான உருப்படாது? என் தம்பி ஆமை வீட்டுக்குல்ல போயிருக்கான். அதுக்கு எதுவும் பழமொழி வச்சிருக்கியா?" என்றேன். முந்தானையை உதறிக்கொண்டு போனாள்.

ஆனால் உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்குப் பயம்தான். கத்திரி வெயிலில் கரண்டு போய், ஷெட்டில் உன் கறிக்கோழி அத்தனையும் ஒரே மத்தியானத்தில் செத்து விழுந்ததிலிருந்து மாசக்கணக்கில் நீ வாயைத் திறக்கவில்லை. சோறு வைத்தால் தின்றாய், வைக்காவிட்டால் கிடந்தாய். மச்சான் கப்பலூர் கம்பெனியில் தன் சூப்பர்வைசரிடம் புலம்பியதால்தான், அவருடைய அண்ணன் பெனடிக்ட் சார் உன்னை முகாமுக்குக் கூட்டிப்போனார். தல்லாகுளத்துக்காரர், ஆமை ஆராய்ச்சி செய்கிறவர், நல்ல மனிதர் என்கிறார்கள். அவராவது உன்னைப் பேச வைக்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

அக்கா பாண்டீஸ்வரி


ஆமை முகாம், அந்தமான்
2.1.2024

அக்காவுக்கு,

நலம். வேலை பரவாயில்லை. காலையும் சாயங்காலமும் கரையோரம் நடக்க வேண்டும். நாய், பன்றி வந்தால் விரட்ட வேண்டும். ஆமை இன்னும் கரை ஏறவில்லை. சாப்பாடு மீன். மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அழகுபாண்டி


வாடிப்பட்டி
17.1.2024

தம்பிக்கு, பொங்கல் நல்லபடியாக முடிந்தது. நீ இல்லாததால் கரும்பு மிஞ்சிவிட்டது. மற்றபடி எல்லாரும் நலம்.

நீ அனுப்பியது கடிதமா, தந்தியா? தந்தியையே சர்க்கார் ஒழித்துவிட்டது, நீ மட்டும் விடமாட்டேன் என்கிறாய். "நலம். மீன்." இதற்காகவா கடல் தாண்டித் தபால் வந்தது? உன் மச்சான் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள சிக்கனமான ஆளுடி, எழுத்தைக்கூட எண்ணித்தான் செலவழிக்கிறான்" என்றார். நான் சிரிக்கவில்லை. ராத்திரி அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த ஆறு மாசத்தில் நீ என்னிடம் பேசியதைவிட இதில் நாலு வார்த்தை கூடுதல்தான். அதனால் மன்னித்தேன்.

அங்கே யார் யார் இருக்கிறார்கள்? எங்கே படுக்கிறாய்? தாகம் எடுத்தால்கூடத் தண்ணீர் கேட்காமல் உட்கார்ந்திருக்கிற ஆள் நீ. அங்கே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாயா, அல்லது கொடுத்தால்தான் தின்கிறாயா? இதற்கெல்லாம் பதில் வராவிட்டால் அடுத்த படகில் நானே வந்து இறங்குவேன். நான் சொன்னால் செய்வேன், உனக்குத் தெரியும்.

பாண்டீஸ்வரி


ஆமை முகாம்
4.2.2024

அக்காவுக்கு,

சுகம்தான். நீ வர வேண்டாம். படகில் ஏறினால் குடல் வெளியே வந்துவிடும்.

இங்கே நான், பெனடிக்ட் சார், சமைக்கிற ஸ்டீபன் அண்ணன், மூன்று பேர். ஸ்டீபன் அண்ணன் நிக்கோபார்காரர். தமிழ் கொஞ்சம் பேசுவார். ஓலைக் குடிசைதான், ஆனால் காற்று நன்றாக வருகிறது.

போன வாரம் விடியும் நேரத்தில் ஆமை ஏறியது. ஏழுவரி ஆமை என்று பெயர். முதுகில் ஓடு கிடையாது, கறுப்புத் தோல்தான். அதில் நீளவாக்கில் ஏழு வரப்பு போட்ட மாதிரி இருக்கிறது. அக்கா, எம்புட்டுப் பெரிசு தெரியுமா? தவசி மாமா வீட்டு எருமை படுத்திருக்கிற மாதிரி இருந்தது. மூச்சு விட்டால் பத்தடி தள்ளி நின்ற எனக்குக் கேட்டது.

அது அலை வந்து தொடுகிற இடத்திலேயே குழி பறித்துவிட்டது. அங்கேயே விட்டால் கடல் கொண்டுபோய்விடும். "எடுத்துரலாம்" என்றார் சார். ஆமை இட இட, நான் பின்னால் குப்புறப் படுத்துப் பையில் வாங்கினேன். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிது, ஓடு கெட்டியாக இல்லை, தோல் மாதிரி அமுங்குகிறது. சூடாக இருந்தது. மேட்டில் மூங்கில் வேலி போட்டு, முட்டை பொரிக்க ஹேச்சரி வைத்திருக்கிறோம். அங்கே அதே ஆழத்துக்குக் குழி தோண்டி வைத்து மூடினேன். தாய் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. இனி இரண்டு மாதம் மணல் சூட்டில்தான் பொரிய வேண்டும்.

சார் ஒரு குச்சியில் என் பெயரை எழுதிப் பக்கத்தில் நட்டார். "இது உன் பொறுப்புப்பா" என்றார். வேண்டாம் சார் என்று சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. எனக்கு ஷெட் ஞாபகம் வந்துவிட்டது. இதுவும் என் கையில் செத்தால் நான் என்ன ஆவேன் என்று தெரியவில்லை அக்கா. தினம் விடிந்ததும் போய்ப் பார்க்கிறேன். மணல்தான் தெரிகிறது.

கேட்டு வாங்கித்தான் சாப்பிடுகிறேன். பொய். ஸ்டீபன் அண்ணன் கேட்காமலே போடுகிறார்.

அழகுபாண்டி


வாடிப்பட்டி
20.2.2024

என் ராசா, தம்பிக்கு, அக்கா எழுதுவது. உன் கடிதம் வந்த நேரம் நான் கோழிக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தேன். தீவனத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படித்தேன், எல்லாக் கோழியும் தட்டுக்குள் ஏறிவிட்டன. ஏறட்டும். இம்புட்டுப் பெரிய கடிதம் நீ எழுதி நான் பார்த்ததில்லை. இங்கே எல்லாரும் சௌக்கியம், இதைப் படித்த பிறகு இன்னும் சௌக்கியம்.

நீ ஏன்டா பயப்படுகிறாய்? அடை வைக்கிற வேலை நம் குடும்பத்து வேலை. வாடிப்பட்டியில் பாண்டீஸ்வரி வைத்த அடையில் கூமுட்டை விழுந்தது என்று ஒருத்தி சொல்லட்டும் பார்ப்போம். சோழவந்தானிலிருந்துகூட என்னிடம் வந்து கேட்டுப்போகிறார்கள். ஆமை என்ன, கோழி என்ன, முட்டை முட்டைதான். நான் சொல்கிறபடி செய்.

முதல் காரியம், முட்டையைத் திருப்ப வேண்டும். கோழி என்றால் அதுவே மூக்கால் உருட்டி உருட்டித் திருப்பிக்கொள்ளும். உன் ஆமைதான் இட்டுவிட்டுப் போய்விட்டாளே, யார் திருப்புவது? நீதான். மணலை விலக்கி, ஒவ்வொரு முட்டையிலும் பென்சிலால் ஒரு பக்கம் புள்ளி வை. காலையில் புள்ளி மேலே, சாயங்காலம் புள்ளி கீழே. ஒரே பக்கமாகக் கிடந்தால் கரு ஓட்டில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். இது தெரியாமல்தான் பாதிப்பேர் அடையைக் கெடுக்கிறார்கள்.

இரண்டாவது, இடிச் சத்தம் ஆகாது. கடலோரம் இடி ஜாஸ்தியாக இருக்கும். முட்டைக்கு நடுவில் ஓர் இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, மிளகாய் வற்றல் போட்டு வை. அங்கே நல்ல வற்றல் கிடைக்காது என்று கவரிலேயே நாலைந்து வைத்திருக்கிறேன். தபால்காரர் தும்மினால் என்னைச் சொல்லாதே.

பெனடிக்ட் சார் படித்தவர்தான். ஆனால் அவர் கோழி வளர்த்திருக்கிறாரா? கேட்டுப் பார். இந்த வேலையில் நீ அக்கா பேச்சைக் கேள், குஞ்சு தானாக வரும்.

அக்கா


வாடிப்பட்டி
14.3.2024

தம்பிக்கு, இங்கே நலம். வெயில் இப்போதே தீயாக அடிக்கிறது.

நான் எழுதியதற்குப் பதில் இல்லையே? தபால்காரர் தினமும் நம் வாசலைத் தாண்டிப் போகிறார். நேற்று நானே மறித்து, "அந்தமான் தபால் எதுவும் கீழ விழுந்துருச்சா அண்ணே?" என்று கேட்டேன். "அந்தமானு என்ன, அலங்காநல்லூர்ல இருந்துகூட ஒண்ணும் இல்ல தாயி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முட்டையைத் திருப்புகிறாயா? எப்படி இருக்கிறது? ஒரு வரி போட்டாலும் போதும். "நலம், மீன்" என்று போட்டாலும் திட்டமாட்டேன்.

அக்கா


வாடிப்பட்டி
19.3.2024

அழகு, இதைப் படித்த உடனே போட்டது போட்டபடி எழுந்து போய் அந்த முட்டைகளைத் தொடாமல் இரு. திருப்பாதே. திருப்பவே திருப்பாதே. சுகம் விசாரிக்கவெல்லாம் நேரமில்லை.

இன்றைக்குக் கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் ஊசி போட மாட்டாஸ்பத்திரி ஆன்சி டாக்டரம்மா வந்தார்கள். நான் என் வாய் சும்மா இருக்காமல் உன் பெருமையைப் பேசினேன். என் தம்பி ஆமை முட்டை அடைவைத்திருக்கிறான், நான்தான் இங்கிருந்து எல்லாம் சொல்லிக் கொடுக்கிறேன், காலையில் ஒரு திருப்பு, சாயங்காலம் ஒரு திருப்பு என்றேன். டாக்டரம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"யாருக்கா திருப்பச் சொன்னது?"

"நாந்தான்."

"ஐயோ அக்கா! கோழி வேற, ஆமை வேற. கோழி முட்டையத் திருப்பலைன்னா செத்துரும். ஆமை முட்டையத் திருப்புனா செத்துரும்!"

கோழிக்கரு உள்ளே மிதக்குமாம். ஆமைக்கரு, முட்டை இட்ட சில மணி நேரத்திலேயே ஓட்டின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டு, அங்கேயே இருந்துதான் வளருமாம். தலைகீழாகப் புரட்டினால் மூச்சு முட்டிப் போய்விடுமாம். "அவன் திருப்பியிருக்க மாட்டான்க்கா" என்று அந்தப் பிள்ளை ஆறுதல் சொன்னது. அதற்கு உன்னைத் தெரியாது. நான் சொல்லி நீ எதைச் செய்யாமல் இருந்திருக்கிறாய்?

நான் பாவி. பேசாமல் கிடந்த பிள்ளை அப்போதுதான் வாய் திறந்து ஒரு கடிதம் எழுதியது. அதற்குள் என் மேதாவித்தனத்தைக் காட்டிவிட்டேன்.

அழகு, திருப்பியிருந்தால் அது உன் தப்பு இல்லை. என் தப்பு. அக்கா சொன்னாள், செய்தேன் என்று எல்லாரிடமும் சொல். உரக்கச் சொல்.

பாண்டீஸ்வரி


வாடிப்பட்டி
27.3.2024

மதிப்பிற்குரிய பெனடிக்ட் சார் அவர்களுக்கு, உங்கள் முகாமில் வேலை பார்க்கும் அழகுபாண்டியின் அக்கா பாண்டீஸ்வரி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க மாதாவை உங்களுக்காகவும், எங்கள் முத்தையா சாமியை எனக்காகவும் வேண்டிக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று தல்லாகுளத்தில் உங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். உங்கள் அம்மா பிலோமினாள் டீச்சர் நாற்காலி போட்டு உட்காரவைத்து, காப்பி கொடுத்துப் பேசினார்கள். படகு பழுதாகிவிட்டது, கடலும் சரியில்லை, முகாமிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லை, வயர்லெஸ்ஸில் "எல்லாரும் பத்திரம்" என்று மட்டும் ஆபீஸுக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்கள். டீச்சருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை சார். மூச்சு விடுவது மட்டும் பத்திரமா? ஷெட்டில் கோழி செத்த பிறகும் என் தம்பி மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தான்.

முட்டையைத் திருப்பச் சொல்லி அவனுக்கு எழுதியது நான்தான் சார். கோழி ஞாபகத்தில் எழுதிவிட்டேன். அவன் செய்திருப்பான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் செய்திருப்பான். அவன் அப்படித்தான், வாய் திறந்து கேட்கமாட்டான். முட்டை வீணாகியிருந்தால் உங்களுக்கு எம்புட்டு நஷ்டம் என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை அவனை அனுப்பிவிடலாம் என்றுகூட நீங்கள் நினைக்கலாம். அனுப்பினாலும் தப்பில்லை. ஆனால் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவனைத் தனியாக விட்டுவிடாதீர்கள். போன தடவை நாங்கள், "சரியாப் போயிரும், சும்மா விடு" என்று அவனைத் தனியாக விட்டோம். அது சரியாகவில்லை. ஆறு மாசம் அவன் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கட்டும். சாப்பிடுகிறானா என்று பாருங்கள். அவன் முகத்தைப் பாருங்கள் சார். வாயில் ஒன்றும் வராது, முகத்தில்தான் தெரியும்.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
பாண்டீஸ்வரி, முத்திருளன் சம்சாரம்


ஆமை முகாம்
5.4.2024

அக்காவுக்கு,

நான் நலமோ நலம். முதலில் மூச்சு விடு. தண்ணீர் குடி. நான் திருப்பவில்லை.

இன்றைக்குத்தான் படகு வந்தது. உன் மார்ச் மாதக் கடிதங்கள் இரண்டும் ஒன்றாக வந்து சேர்ந்தன. நாளை காலை படகு திரும்புவதால் அவசரமாக எழுதுகிறேன்.

திருப்பச் சொன்ன கடிதம் மார்ச் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது, படகு பழுதாவதற்கு முந்தின நடையில். படித்ததும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஹேச்சரிக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், மேல் மணலைக் கொஞ்சம் விலக்கியும் விட்டேன். முட்டை இருக்கும் ஆழத்துக்குக் கை போகவில்லை. அதற்குள் நின்றுவிட்டேன். நீ எழுதியிருந்தாயே, பெனடிக்ட் சார் கோழி வளர்த்திருக்கிறாரா என்று கேட்டுப் பார் என்று. சரி, அதையாவது கேட்போம் என்று எழுந்து போனேன்.

சார் வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். போய் நின்றேன். வாய் வரவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். "என்னப்பா, நடை பழகுறியா?" என்றார். "சார், நீங்க கோழி வளர்த்திருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். உன் கடிதத்தையே நீட்டினேன். அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் சிரித்தார் பார், ஸ்டீபன் அண்ணன் அடுப்படியிலிருந்து ஓடிவந்தார். அவருக்கு இந்தியில் சொன்னதும் அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். டாக்டரம்மா சொன்னதையே சாரும் சொன்னார். இரும்பும் வேண்டாமாம். குஞ்சுக்குத் திசை சொல்கிறது பூமியின் காந்தம், பக்கத்தில் இரும்பு இருந்தால் அது குழம்பும் என்றுதான் வேலியைக்கூட மூங்கிலில் போட்டிருக்கிறாராம். உன் மிளகாய் வற்றலை மட்டும் ஸ்டீபன் அண்ணன் வாங்கிக் குழம்பில் போட்டார். அருமையான வற்றல் என்றார்.

உடனே உனக்குப் பதில் எழுதினேன். கொண்டுபோகப் படகுதான் இல்லை. நடுவில் கடல் ஏறி வந்து ஹேச்சரி வேலியைத் தொட்டது. ஸ்டீபன் அண்ணனிடம் அரிசிச் சாக்கு கேட்டேன். ஆமாம், நானேதான் கேட்டேன். மூன்று பேரும் மணல் மூட்டை அடுக்கினோம். தண்ணீர் உள்ளே வரவில்லை. இந்த வாரமோ அடுத்த வாரமோ பொரிய வேண்டும்.

ஒரு சந்தேகம். சாருக்கும் வாடிப்பட்டி முத்திரையோடு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நீயா எழுதினாய்? அதைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் எனக்கு அவர் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்தார். என்ன எழுதினாய்?

அழகுபாண்டி


ஆமை முகாம்
14.4.2024

அக்கா,

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. கோபமாக இருக்கிறேன்.

நீ சாருக்கு என்ன எழுதினாய் என்று இப்போது தெரியும். உனக்குக் கொஞ்சமாவது புத்தி இருக்கிறதா? இந்த ஒரு வாரமாக நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? கரையில் நடக்கப் போனால் சார் கூடவே வருகிறார். உட்கார்ந்தால் பக்கத்தில் உட்காருகிறார். "ஏதாவது பேசணும்னு தோணுதாப்பா?" என்கிறார். நான் கக்கூஸுக்குப் போனால் ஸ்டீபன் அண்ணன் வெளியே நின்று இருமுகிறார். சோறு போட்டால் இரண்டு பேரும் தங்கள் தட்டை விட்டுவிட்டு என் வாயைப் பார்க்கிறார்கள். என்ன ஆயிற்று இவர்களுக்கு என்று நானே பயந்துபோனேன்.

நேற்றுக் காலையில் குஞ்சு பொரிந்தது. மணல் நடுவில் குழிந்தது, அப்புறம் ஒரு கறுப்புத் துடுப்பு. பிறகு கொதிக்கிற சோற்றுப் பானை மாதிரி மொத்தமாகக் கிளம்பி வந்தன. உள்ளங்கை அகலம்தான் இருக்கும், முதுகில் ஏழு வெள்ளைக் கோடு. அக்கா, நான் கத்தினேன். "சார், வந்துருச்சு! சார், பாருங்க!" என்று கத்துகிறேன். அந்த மனுசன் இருபது வருடமாக ஆமைக்காக உயிரைக் கொடுக்கிறவர், குஞ்சுகளைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்! எனக்கு வந்ததே ஆத்திரம். "எதுக்கு சார் என் மூஞ்சியவே பாக்குறீங்க?" என்று கேட்டேன். பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். "உங்கக்காதான் பாக்கச் சொன்னாங்க" என்றார்.

என் கதையை ஊரெல்லாம் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அது எனக்கும் உனக்கும் நடந்தது. அதைக் கவரில் போட்டு அனுப்புவாயா? நான் சார் முன்னால் மற்ற ஆள் மாதிரி ஓர் ஆளாக இருக்க வேண்டும் என்றுதான் அம்புட்டுப் பாடுபட்டேன். நீ ஒரு கடிதத்தில் என்னைத் தொட்டில் பிள்ளையாக்கிவிட்டாய். முட்டையைத் திருப்பு என்றாய், அப்புறம் திருப்பாதே என்றாய், அப்புறம் என்னையே அடைவைக்கச் சொல்லி ஆள் போட்டிருக்கிறாய். புத்தி கெட்ட அக்கா. இனிமேல் என்னைப் பற்றி யாரிடமாவது சொல்வதென்றால் முதலில் என்னிடம் கேள்.

குஞ்சுகளைப் பற்றிக் கேட்பாய், சொல்லிவிடுகிறேன். பாதிக்கு மேல் வந்துவிட்டன. மணலில் இறங்கிக் கடலுக்குப் போயின, நான் நாயையும் காக்கையையும் விரட்டிக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். ஒன்றுகூட வழியில் சாகவில்லை. மீதி முட்டை பொரியவில்லை. அது வழக்கம்தான் என்றார் சார். எனக்கு வருத்தம்தான். சாயங்காலம் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பசித்தது. மீன் குழம்பு இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சார் அடுத்த சீசனுக்கும் வருகிறாயா என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் கேட்கவில்லை.

கோபம் தீர்ந்ததும் எழுதுகிறேன். இப்போதைக்குத் தீராது.

அழகுபாண்டி


வாடிப்பட்டி
29.4.2024

என் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே அனல் அடிக்கிறது, கரண்டு போய்ப் போய் வருகிறது, கோழி எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, உன் மச்சானுக்குச் சூட்டுக்கட்டி. ஆனால் நான் இவ்வளவு சுகமாக இருந்து ரொம்ப நாளாயிற்று.

திருப்பவில்லை என்று நீ எழுதிய கடிதம் வந்த அன்று நான் நடுவீட்டில் உட்கார்ந்து அழுதேன். அது வேறு அழுகை. நேற்று இந்தக் கடிதம் வந்தது. வாசித்துக்கொண்டே சிரிக்கிறேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. மச்சான் வேலை முடிந்து வந்து வண்டியை நிறுத்தினவர் பயந்துபோய், "என்னடி ஆச்சு மாப்ளைக்கு?" என்று ஓடிவந்தார்.

"என்னையத் திட்டிருக்கான்" என்றேன்.

"திட்டுனதுக்கா சிரிக்கிற?"

"ஒரு பக்கம் பூராத் திட்டிருக்கான்! இங்க பாருங்க, புத்தி கெட்ட அக்கான்னு எழுதிருக்கான்."

அவரும் வாங்கிப் படித்தார். கக்கூஸ் இடம் வந்ததும் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது. முழுவதும் படித்து முடித்துவிட்டு, கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "நம்ம பய வந்துட்டான்டி" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நீ சொன்னது எல்லாம் சரி. உன் சமாச்சாரத்தை உன்னைக் கேட்காமல் அந்த மனுசருக்கு எழுதியிருக்கக் கூடாது. தப்புத்தான். இனிமேல் செய்யமாட்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் என்னை உனக்குத் தெரியும். செய்தால் மறுபடி திட்டு.

அந்த ஆறு மாசமும் நான் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு உன் அறை வாசலில் நின்றிருக்கிறேன். நீ சுவரைப் பார்த்துக் கிடப்பாய். வேணுமென்றே குழம்பில் உப்பைக் கொட்டி வைப்பேன். உன் செல்போனை ஒளித்து வைப்பேன். ஒரு வார்த்தை கோபமாகப் பேசிவிடுடா, ஏன்டி இப்படிச் செய்தாய் என்று தட்டைத் தூக்கி எறிந்தாலும் போதும் என்று நிற்பேன். நீ உப்புச் சோற்றைப் பேசாமல் தின்றுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வாய். நான் அடுப்படியில் போய் அழுவேன். அப்போது நான் கேட்ட ஒரு வார்த்தைக்கு நீ இப்போது ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாய்.

கோபம் தீராவிட்டால் பரவாயில்லை, நிதானமாகத் தீரட்டும். ஆனால் என்னைப் புத்தி கெட்டவள் என்று எழுதினாயே, அதை நேரில் ஒரு தரம் சொல்லிப் பார். மழைக்காலத்தில் முகாமை மூடியதும் வா. கோழி அடித்துக் குழம்பு வைக்கிறேன், சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவோம்.

உன் புத்தி கெட்ட அக்கா,
பாண்டீஸ்வரி